ஊர் சுற்றிக் காட்டுகிறவர்கள்

சென்ற மாதக் கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வாக்கியம் எழுதிவிட்டேன். அயல்நாட்டில் படிக்கும் பிள்ளைகள், தங்களைப் பார்க்க வரும் தாய் தகப்பன்மாருக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறார்களே, அதைப் போல இரு தரப்பாரும் சேர்ந்து நடத்துகிற நாடகம் வேறு கிடையாது என்பது அந்த வாக்கியம். அவ்வளவுதான், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன.

கோபித்துக்கொண்டவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற அதிகாரி. நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அவருடைய பையன் ஒன்பது நாளில் பன்னிரண்டு இடங்களைக் காட்டினானாம். பட்டியலும் இணைத்திருக்கிறார். "பெற்றவர்களைச் சந்தோஷப்படுத்தப் பிள்ளைகள் ஆசைப்படுவது உங்களுக்கு நாடகமாகப் படுகிறதா? கதை எழுதுகிறவர்களுக்கு எதிலாவது குற்றம் கண்டுபிடிக்காவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது" என்று முடித்திருக்கிறார்.

நியாயமான கடிதம். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் பதில் சொல்ல வேண்டுமானால் என் வீட்டு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லிவிடுகிறேன். ஊரார் வீட்டு விஷயத்தை இருபது வருஷமாகக் கதை என்று எழுதிப் பிழைத்தவன், தன் வீட்டுக் கதவை மட்டும் சாத்திக்கொள்வது யோக்கியதை ஆகாது.

என் மகள் லண்டனில் பொதுச் சுகாதாரம் படித்தாள். ஒரு வருஷப் படிப்பு. 2024 ஏப்ரலில் பத்து நாள் அவளைப் பார்த்துவிட்டு வந்தேன். நான் மட்டும்தான் போனேன். என் மனைவி பள்ளிக்கூட வாத்தியார். ஏப்ரல் மாதத்தில் விடைத்தாள் திருத்தும் வேலை, போதாக்குறைக்கு அந்த வருஷம் 19-ஆம் தேதி பார்லிமெண்டுத் தேர்தல். வாத்தியாருக்கு லீவு எங்கே கிடைக்கும்? "நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க. பார்த்ததையெல்லாம் ஒண்ணு விடாம எனக்குச் சொல்லணும்" என்று வழியனுப்பி வைத்தாள்.

நான் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்து, அதோடு நின்றவன். எங்கள் வம்சத்தில் கடல் தாண்டிப் படித்தது பாப்பாதான் முதல். (வயது இருபத்திரண்டு ஆனாலும் வீட்டில் அவள் பாப்பாதான்.) ஆகையால் நான் லண்டனில் இறங்கியபோது என் தலை கொஞ்சம் கனத்திருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பாப்பா கல்லூரிக்குப் பக்கத்தில் மாணவிகள் விடுதியில் இருப்பதாக எங்களுக்கு எண்ணம். விடுதியில் ஆண்கள் தங்கக் கூடாதென்று, வெம்பிளியில் அவளுடைய சிநேகிதியின் மாமா வீட்டில் எனக்கு ஜாகை ஏற்பாடு செய்திருந்தாள். தினம் காலையில் வந்து என்னை அழைத்துக்கொண்டு போவாள். பத்தரை மணிக்குக் குறைந்து ஒரு நாளும் வந்ததில்லை. நான் ஆறு மணிக்கே குளித்துவிட்டு, சட்டை மாட்டிக்கொண்டு, ஜன்னலண்டை உட்கார்ந்திருப்பேன். இரண்டாம் நாள் இரவு மனைவிக்குப் போன் செய்தபோது, "லண்டனுக்கு வந்து உன் பெண் நன்றாகத் தூங்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள்" என்று சொன்னேன். இந்த வாக்கியத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாப்பா எல்லாம் காட்டினாள். பார்லிமெண்டுக் கடிகாரம், ராஜா அரண்மனை, டவர் பாலம், கிரீனிச்சில் பூமியைக் கிழக்கு மேற்காகப் பிரிக்கிற கோடு. தேம்ஸ் கரையில் 2000-ஆம் வருஷம் திறந்த அந்த ராட்டினத்திலும் ஏற்றினாள். அதன் உயரம் 135 மீட்டர். முப்பத்திரண்டு கண்ணாடிக் கூடுகள். ஒரு சுற்றுச் சுற்றி வர அரை மணி நேரம். திருவிழா ராட்டினம் போல வயிற்றைப் பிசையாது, நகர்வதே தெரியாது. உச்சியில் இருந்தபோது ஊர் முழுவதும் காலடியில் கிடந்தது. "நீ எங்கே இருக்கே, காட்டு" என்றேன். அவள் வடக்கே கையை நீட்டி, "அதோ அந்தப் பக்கம்" என்றாள். நானும் தலையை ஆட்டினேன். எத்தனையோ கட்டடங்கள். எந்தக் கட்டடம் என்று கேட்கத் தோன்றவில்லை.

சந்தோஷமாக இருந்ததா என்றால், இருந்தது. நான் சந்நியாசி இல்லை. எல்லா இடத்திலும் படம் எடுத்துக்கொண்டேன். அந்தப் படங்கள் அன்றன்று இரவே எங்கள் கும்பகோணத்துத் தெரு முழுவதும் போய்ச் சேர்ந்தன.

பிரிட்டிஷ் மியூசியத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பின்னால் தேவைப்படும். அங்கே அமராவதி ஸ்தூபியின் சிற்பப் பலகைகளை வைத்திருக்கிறார்கள். குண்டூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல். இரண்டாயிரம் வருஷத்துக் கல். வெள்ளைக்காரர்கள் பெயர்த்தெடுத்ததில் ஒரு பகுதி சென்னை மியூசியத்தில் இருக்கிறது. மறு பகுதி கப்பலேறி இங்கே வந்துவிட்டது. அந்தக் கல் ஈரத்துக்கு ஆகாது. அதனால் அதற்கென்று தனியாகக் கண்ணாடிக் கூடம் கட்டி, உள்ளே காற்றின் ஈரமும் உஷ்ணமும் ஏறாமல் இறங்காமல் காத்து வருகிறார்கள். "எவ்வளவு அக்கறை பாரு!" என்று வியந்தேன். பாப்பா பதில் பேசவில்லை. கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாலாம் நாள் கேம்பிரிட்ஜுக்குப் போனோம். அது நான் கேட்டது. கும்பகோணத்துக்காரன் அங்கே போகாமல் திரும்பினால் ஊரில் தலைகாட்ட முடியுமா? சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ராமானுஜன் வாழ்ந்த வீட்டைத் தாண்டித்தான் நான் தினம் காய்கறி வாங்கப் போகிறேன். எஃப்.ஏ. பரீட்சையில் தவறிய அந்த மனிதரிடம், படிப்பு பாதியில் நின்ற என்னைப் போன்றவர்களுக்கெல்லாம் ஒரு ரகசியச் சொந்தம் உண்டு. கணக்கு வராவிட்டால் என்ன?

டிரினிடி கல்லூரிப் பெரிய வாசலுக்கு எதிரே, தெருவைத் தாண்டினால், வெவல்ஸ் கோர்ட் என்று ஒரு கட்டடம். 1914-இல் அவர் அங்கே தங்கியிருந்தார். நாங்கள் உள்ளே போகவில்லை. எதிர்ச்சாரியில் நின்றபடி நான் பாப்பாவுக்கு ஒரு கதை சொன்னேன். பின்னாளில் பெரிய புள்ளிவிவர மேதையாகப் பெயர் எடுத்த மஹலானோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். ஒரு நாள் ராமானுஜனைப் பார்க்க வந்தார். ராமானுஜன் கணப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தார். ராத்திரி குளிர் தாங்கவில்லை, மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையும் சுற்றிக்கொண்டு படுத்தேன் என்றாராம். கம்பளி இல்லையா என்று மஹலானோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கம்பளிகள் இருந்தன. மெத்தையின் கீழே ஒழுங்காகச் செருகிவைத்த கம்பளிகள். அவற்றைப் பிரித்து உள்ளே நுழைந்துகொள்ள வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியாது. கம்பளிகளின் மேலேயே படுத்து, மேல்விரிப்பை மட்டும் போர்த்திக்கொண்டு அத்தனை நாளும் நடுங்கியிருக்கிறார்! மஹலானோபிஸ் பிரித்துக் காட்டினாராம்.

"கோமளத்தம்மாள் ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் முதல் வேலையாக அந்தப் படுக்கையைத்தான் பார்த்திருப்பாள்" என்று சொன்னேன். சொல்லிவிட்டு, சும்மா, பேச்சுக்குப் பேச்சாக, "நீ எப்படிப் படுத்துக்கறே? குளிருக்குப் போதுமான போர்வை இருக்கா?" என்று கேட்டேன்.

பாப்பா தெருவைப் பார்த்தாள். பிறகு, "நாளைக்கு வேற எங்கேயும் போக வேண்டாம்பா. என் ரூமுக்கு வாங்க" என்றாள்.

அந்த ரூம் விடுதியில் இல்லை. கல்லூரிக்குப் பக்கத்திலும் இல்லை. ஊரின் கிழக்குக் கோடியில் மேனர் பார்க். விடுதியில் வாரத்துக்கு 260 பவுன் கேட்டிருக்கிறார்கள். ஜனவரியிலேயே காலி செய்துவிட்டு இங்கே வந்துவிட்டாள். மாதத்துக்கு 400 பவுன். மூன்று படுக்கையறை இருக்க வேண்டிய வீட்டில் ஏழு பேர். அவள் அறையில் இரண்டு கட்டில், ஒரு மேஜை. கூட இருப்பவள் குண்டூர்ப் பெண். ஜன்னல் சட்டத்தில் வர்ணம் அடித்து அடித்து ஒட்டிப்போய்த் திறக்க வராது. அலமாரியை நகர்த்திக் காட்டினாள். சுவர் இடுப்பு உயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பெண்களும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மருந்து போட்டுத் துடைக்கிறார்களாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுபடி வந்துவிடுகிறதாம். வீட்டுக்காரர் நம் பாஷை பேசுகிறவர். வாடகை கேட்கும்போது தமிழிலும், ஜன்னலைப் பற்றிக் கேட்டால் இங்கிலீஷிலும் பேசுவாராம்.

அந்தக் குண்டூர்ப் பெண் லண்டனுக்கு வந்து ஏழு மாதம் ஆகியும் மியூசியத்துக்குப் போனதில்லை. நேரம் இல்லை என்றாள். அவள் ஊர்க் கல்லுக்கு ஈரம் தட்டாத கண்ணாடிக் கூடம். அவளுக்கு இந்தச் சுவர். நான் மியூசியத்தில் வியந்தது எனக்கே நாராசமாகக் காதில் ஒலித்தது.

பத்தரை மணி விஷயத்துக்கு வருகிறேன். பாப்பா தூங்கிக்கொண்டிருக்கவில்லை. விடியற்காலை ஐந்தரை மணிக்குத் திறக்கிற ஒரு காபிக் கடையில் அவளுக்கு வேலை. படிக்க வந்தவர்கள் படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். அந்த ஏப்ரலில்தான் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44 பவுன் ஆயிற்று. நான் வந்த பத்து நாளும் அவள் லீவு போடவில்லை. கடையைத் திறந்து, பால் நுரைத்து, மேஜை துடைத்து, ஒன்பது மணிக்கு ஏப்ரனைக் கழற்றிவிட்டு, ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வந்து, "ரெடியாப்பா?" என்று சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ராட்டினச் சீட்டுக்குக் கொடுத்த காசில் அவர்கள் இரண்டு பேரும் ஒரு வாரம் சமைத்துச் சாப்பிடுவார்களாம். இதைக் குண்டூர்ப் பெண்தான், வெகுளியாக, அரைகுறைத் தமிழில் சொன்னாள்.

இப்போது அந்த அன்பரின் கேள்விக்கு வருகிறேன். சந்தோஷப்படுத்த நினைப்பது குற்றமா என்கிறார். பிள்ளைகள் மேல் நான் குற்றமே சாட்டவில்லை, ஐயா! இந்தக் காலத்துப் பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள், பகட்டாகத் திரிகிறார்கள் என்று பத்திரிகைகளில் புலம்புகிறவர்கள் கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம். இந்தப் பொய்யை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யார்? நாம்தான்.

எப்படி என்று கேளுங்கள். மாணவர் விஸாவுக்கு மனுப் போடும்போது, படிப்புச் சம்பளம் தவிர, லண்டனில் சாப்பாட்டுக்கும் ஜாகைக்கும் பணம் இருக்கிறதென்று காட்ட வேண்டும். பாப்பா போன 2023-இல் அது மாதத்துக்கு 1,334 பவுன் வீதம் ஒன்பது மாதத்துக்கு 12,006 பவுன். அந்தத் தொகை இருபத்தெட்டு நாள் பாங்கில் அசையாமல் கிடந்திருக்க வேண்டும். வைத்திருக்கிறவர்களுக்குக் கஷ்டம் இல்லை. வைத்திராதவர்கள்? அவர்களுக்கென்று ஒரு வியாபாரமே நடக்கிறது. இருபத்தெட்டு நாளுக்கு வட்டிக்குப் பணம் வாங்கி, கணக்கில் போட்டு, காட்டி, திருப்பிக் கொடுத்துவிடுவது. அதற்குப் பெயரே காட்டுகிற பணம்! பிள்ளை விமானம் ஏறுவதற்கு முன்பே, இல்லாததை இருப்பதாகக் காட்டுவது எப்படி என்று குடும்பமாக உட்கார்ந்து பாடம் நடத்திவிட்டோம். அதே பிள்ளை நமக்கு ஒரு லண்டனைக் காட்டினால் மட்டும் மனம் புண்படுகிறதோ?

நான் வட்டிக்கு வாங்கவில்லை. என் மனைவியின் நகைகளை அடகு வைத்தேன். இருபத்திரண்டு பவுன். காட்டிய பிறகு அந்தப் பணம் படிப்புச் சம்பளத்துக்கே போய்விட்டது. நகை திரும்பவில்லை. நம் பாஷைதான் எவ்வளவு பொல்லாதது! இங்கே கழுத்திலிருந்து இறங்கினதும் பவுன், அங்கே எண்ணிக் கொடுத்ததும் பவுன். இது பாப்பாவுக்குத் தெரியாது. புத்தகங்களுக்கு வந்த பணம் என்று சொல்லியிருந்தேன். தமிழில் நாவல் எழுதி மகளை லண்டனில் படிக்கவைக்க முடியும் என்று அந்தப் பெண் நம்பினாளே, அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. வீடியோவில் பேசும்போதெல்லாம் என் மனைவி கவரிங் இரட்டை வடச் சங்கிலியைப் போட்டுக்கொண்டுதான் காமிராவுக்கு முன்னால் உட்காருவாள். அந்தப் பக்கத்தில் பாப்பா கல்லூரி நூலகத்தின் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நின்று பேசுவாள். இரண்டு பக்கமும் ஜோடனை.

போதாததற்கு, "உனக்காக எவ்வளவு செலவு பண்ணியிருக்கோம்" என்ற பேச்சு வேறு. நான் அப்படிச் சொன்னதே இல்லை என்று எழுதத்தான் ஆசை. ஒரே ஒரு தடவை, முதல் பருவத்தில் மார்க் குறைந்தபோது சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை போதாதா? கொடுத்தவன் கணக்குக் கேட்கிறான் என்று பிள்ளைக்குப் பட்டுவிடுகிறது. பிறகு பெற்றவன் வந்து இறங்கும்போது அவனுக்கு எதைக் காட்டும்? ரசீது காட்டுகிறது. இதோ அரண்மனை, இதோ ராட்டினம், இதோ பாலம்; உங்கள் பணம் வீண் போகவில்லை, பாருங்கள்! நாமும் ரசீதைப் படம் பிடித்துத் தெருவுக்கெல்லாம் அனுப்பிவிடுகிறோம். அன்பரின் பன்னிரண்டு இடப் பட்டியலில் அவர் பையன் படுக்கிற இடம் இருக்கிறதா என்று இரண்டு முறை தேடிப் பார்த்தேன். இல்லை.

"கஷ்டத்தைக் காட்டி வயசானவர்களை வேதனைப்படுத்துவானேன்?" என்று கேட்பார். அன்பினால் மறைப்பதும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்பினால் மறைத்தது யாருக்கு ஆறுதல் தந்தது? காந்தி 1888-இல் லண்டனுக்குப் படிக்கப் போனார். மது, மாது, மாமிசம் தொடுவதில்லை என்று தாயாருக்குச் சத்தியம் செய்துவிட்டுப் போனவர். அண்ணன் பணம் அனுப்ப எவ்வளவு சிரமப்படுகிறார் என்று உணர்ந்ததும் ஒற்றை அறைக்கு மாறி, காலையும் இரவும் தாமே சமைத்து, வண்டிச் சத்தம் மிச்சம் பிடிக்க மைல் கணக்கில் நடந்தவர். 1891-இல் பாரிஸ்டராகத் திரும்பிக் கப்பலை விட்டு இறங்கியபோதுதான் தாயார் காலமான செய்தியையே அவருக்குச் சொன்னார்கள். அந்நிய தேசத்தில் இடிந்துபோவாரே என்ற அன்பினால் மறைத்துவைத்திருந்தார்கள். அவர் தாயாரைப் பார்க்கத் தவித்துக்கொண்டே வந்திருக்கிறார். தகப்பனார் இறந்தபோது பட்டதைவிட அதிகத் துக்கம் என்று அவரே எழுதுகிறார். மறைத்ததினால் அந்தத் துக்கத்தில் ஒரு குன்றிமணி குறைந்ததா?

எனக்கும் அந்தச் சுவரைப் பார்த்து வேதனையாகத்தான் இருந்தது. ஆனால் பார்த்ததனால்தான் ஒரு காரியம் நடந்தது. பாக்கி இருந்த நாட்களில் ராட்டினமும் அரண்மனையும் போதும் என்று சொல்லிவிட்டேன். முதல் நாள் அந்த ஜன்னலோடு மல்லுக்கட்டினேன். சட்டத்து இடுக்கில் கத்தியை விட்டு, ஒட்டிப்போன வர்ணத்தைச் சுரண்டி, சாயங்காலத்துக்குள் நாலு விரல் அளவுக்குத் திறந்துவிட்டேன். கும்பகோணத்துப் பழைய வீட்டு ஜன்னல்களோடு வாழ்ந்தவனுக்கு இது பெரிய வித்தை இல்லை. குண்டூர்ப் பெண் கை தட்டினாள்.

மறுநாள் பாப்பா வழக்கமாகப் போகிற வழியில் என்னை அழைத்துப் போகச் சொன்னேன். 25-ஆம் நம்பர் பஸ். அப்போது 1.75 பவுன் டிக்கெட். ரயிலுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாடிப் பஸ்ஸின் முன் ஸீட்டில் உட்கார்ந்தோம். ஸ்ட்ராட்ஃபோர்டு, மைல் எண்ட், ஒயிட்சேப்பல் என்று அந்தப் பஸ் ஊரின் முதுகெலும்பு மேல் ஊர்ந்துகொண்டு போயிற்று. ஒவ்வொரு இடத்திலும் அவளுக்கு ஒரு விஷயம் இருந்தது. இந்தக் கடையில் புதன்கிழமை வெண்டைக்காய் மலிவு. இந்த நிறுத்தத்தில் ஒரு தடவை பனியில் ஒரு மணி நேரம் நின்றேன். இந்த ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பாட்டி தினம் கை காட்டுவாள். மைல் எண்ட் தாண்டியதும் தூங்கிப்போய்விட்டாள். தலை என் தோளில் சாய்ந்தது. பள்ளிக்கூட பஸ்ஸில் ஊர் திரும்பும்போது இப்படித் தூங்குவாள். எழுப்ப வேண்டுமே, எந்த இடத்தில் இறங்குவதென்று எனக்குத் தெரியாதே என்று பயந்துகொண்டிருந்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முந்தின திருப்பத்தில் தானாகக் கண் விழித்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

லண்டன் என்றால் எனக்கு இப்போது ஞாபகம் வருவது அந்தப் பஸ்தான். தெருவில் கேட்டவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். அது மியூசியமா, உள்ளே போக டிக்கெட் உண்டா என்று ஒருவர் விசாரித்தார்.

என் மனைவி படங்களைப் பார்க்கவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஜன்னல் இன்னும் திறந்திருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பாப்பா வீடியோவில் வந்தபோது பின்னால் நூலகம் இல்லை, அறைதான். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என் மனைவி கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றி, காமிராவுக்குக் கிட்டே கொண்டுபோய், முலாம் போன இடத்தை விரலால் காட்டினாள். பாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம், "எந்த பாங்க்மா? வட்டி எவ்வளவு?" என்று கேட்டாள். சொன்னோம். "இருங்க, நோட்டு எடுத்துட்டு வரேன்" என்று எழுந்து போனாள்.